முன்கூட்டியே போட்ட மொட்டை

என்னைப் பார்த்ததும் டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா உங்களுக்கு கீமோ போட்டது?"

கோபமாகத்தான் கேட்டார். தன்னுடைய நோயாளியைத் தனக்குத் தெரியாமல் வேறு ஆஸ்பத்திரிக்காரன் யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்திருப்பார் போல. டாக்டர் சின்ன வயதுப் பெண். என் பழைய மாணவிகளில் ஒருத்தி என்று சொன்னால் நம்பலாம்.

"யாரும் போடலைங்க டாக்டர். நாங்களே மொட்டை போட்டுக்கிட்டோம்" என்றேன்.

"நாங்களே" என்றதும் அவர் பார்வை எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரரின் தலைக்குப் போனது. அதுவும் வழவழவென்றுதான் இருந்தது. மனைவிக்காகத் தானும் முடியைத் துறந்த உத்தமர் என்று டாக்டர் உருகுவதற்குள், "அது தானா போனதுங்க, உரக்கடை ஆரம்பிச்ச காலத்துலேயே" என்று சொல்லி அந்தப் புகழை முளையிலேயே கிள்ளிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, விளக்கம் சொல்லும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"எப்புடியும் கொட்டப்போற முடிதானேம்மா. குப்பைக்குப் போறதுக்கு சாமிக்குப் போகட்டுமேன்னு முன்னாடியே குடுத்துட்டோம்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேஜையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சங்கடத்தின் அர்த்தம் அந்த நிமிடம் எனக்குப் புரியவில்லை.

நான் கீரமங்கலம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பதைத் தாண்டியாயிற்று. குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வேறு வீடாக இருந்தால் ஒரு வருடம் எண்ணெய் தேய்த்துப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தை ஏற்கனவே ஒருமுறை ஆடி முடித்திருந்தோம். கொரோனா ஓய்ந்த கையோடு என் அக்காவுக்கு இதே நோய் வந்து, அவள் எங்களை விட்டுப் போயிருந்தாள். அதனால் நான் ஈரத் தலையோடு திருச்சிக்குக் கிளம்பிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த நோயில் கட்டியை ஊசியால் குத்தி ஒரு துணுக்கு எடுத்துச் சில அடையாளங்களைத் தேடுவார்கள். இரண்டு ஹார்மோன் சம்பந்தப்பட்டவை, மூன்றாவது ஒரு புரதம். கட்டியின் மேல் இருக்கும் பூட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அதற்கென்று சாவி, அதாவது மருந்து இருக்கிறது. எந்தப் பூட்டும் இல்லையென்றால் கதவை உடைக்க வேண்டியதுதான், அதற்குப் பெயர் கீமோ. இருந்தால் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று போடுவார்கள், இல்லாவிட்டால் நெகட்டிவ்.

அக்காவுக்கு மூன்றும் நெகட்டிவ் என்று வந்தது. நாங்கள் கொண்டாடினோம். சிரிக்காதீர்கள். மூக்கில் குச்சி விட்டுவிட்டு நெகட்டிவ் என்று போன் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு வருடங்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. நெகட்டிவ் என்றால் வெளியே போகலாம், கல்யாணச் சாப்பாடு சாப்பிடலாம். இங்கே ஒன்றல்ல, மூன்று நெகட்டிவ்! அத்தான் லட்டு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். கணக்கு டீச்சரான நானும் ஒன்று தின்றேன். அந்த லட்டின் ருசி இன்னும் நாக்கில் கசப்பாக இருக்கிறது.

எனக்கு ஹார்மோன் இரண்டும் பாசிட்டிவ் என்று வந்தது. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊசி போடும் நர்ஸ் ஓடி வந்து, "அழுவாதீங்க ஆத்தா, இது நல்ல பாசிட்டிவ்" என்றார். அம்மா அவரை முறைத்த முறைப்பில் அவர் வந்த வழியே போய்விட்டார். பிளஸ்ஸிலும் மைனஸிலும் நல்லது கெட்டது கிடையாது, எண்கோட்டில் பூஜ்யத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் விஷயம் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்லித் தருகிறேன். என் வீட்டில் அது எடுபடவில்லை. அழ வேண்டிய இடத்தில் லட்டு தின்றோம், லட்டு தின்ன வேண்டிய இடத்தில் அழுதோம்.

அக்கா தங்கை இருவருக்கும் வந்ததால் பரம்பரையாக ஏதாவது இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு ஆபரேஷன் செய்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை என்று பார்க்க வந்த டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்தேன். கட்டுப் பிரித்த அன்று குளியலறைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தண்ணீரைத் திறந்து விட்டு அழுதேன். சிரித்ததும் நான்தான், அழுததும் நான்தான்.

அக்குளில் நெறிக்கட்டி எதுவும் இல்லை, கட்டியும் சின்னது. அடுத்து என்ன என்று கேட்டபோதுதான் டாக்டர் அந்தப் பரிசோதனையைச் சொன்னார்.

"எடுத்த கட்டியில ஒரு துண்டை மெழுகுல பதிச்சு வச்சிருக்கோம். அதை வெளியூர் லேபுக்கு அனுப்பி உள்ளே இருக்கிற ஜீன்களைப் பார்ப்பாங்க. இந்தக் கட்டி திரும்பி வருமா, கீமோ போட்டா உங்களுக்குப் பிரயோசனம் இருக்குமான்னு அதுல ஓரளவு சொல்லிடலாம். ரிப்போர்ட் வரக் கொஞ்ச நாளாகும்."

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் காரில் இதே பேச்சு.

"ஊசி போட்டுப் பாத்தாத்தானே கேக்குதா கேக்கலையான்னு தெரியும்? போடாமயே சொல்லிருவாகளாக்கும்! அப்ப அது லேபா, குறி சொல்ற எடமா?"

"குறி சொல்றவங்க வெத்தலை கேப்பாங்க, இவங்க கட்டியைக் கேக்குறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான் வாயைத் திறப்பார். திறந்தால் இப்படி எண்ணெய் ஊற்றிவிட்டு மூடிக்கொள்வார்.

உள்ளூர எனக்கும் சந்தேகம்தான். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள் நான். நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்று பிள்ளைகளைக் கேட்டு, கரும்பலகையில் பின்னம் எழுதுவது ஒரு வேலை. நாமே அந்த நாணயமாகி மேலே சுழன்றுகொண்டிருப்பது முற்றிலும் வேறு வேலை என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். கீமோ போட்டுத்தான் ஆகவேண்டும், லேப் அதை எழுதிக் கொடுக்கப்போகிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். கேன்சர் என்றால் கீமோ, கீமோ என்றால் மொட்டை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மொட்டை யோசனை அம்மாவுடையது. திருச்சி போகிற வழியில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் முடியிறக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஊசிக்குக் கொட்டுனா யாருக்கு லாபம்? ஆத்தாளுக்குக் குடுத்தா அவ கணக்குல ஏத்திக்குவா."

கணக்கு என்று சொன்னால் நான் மடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நான் ஒத்துக்கொண்டது அதற்காக இல்லை. அக்காவுக்கு முடி கொட்டியபோது, தலையணையில் இருந்தும் குளியலறைச் சாக்கடை மூடியில் இருந்தும் கொத்துக் கொத்தாகப் பொறுக்கி எடுத்தவள் அம்மா. அக்கா பார்த்துவிடக்கூடாது என்று மடியில் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போவாள். அதை இன்னொரு மகளுக்குச் செய்ய அவளால் முடியாது. அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். எனக்கு நல்ல முடி. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், நரையும் அவ்வளவாக இல்லை. மழித்துச் சந்தனம் பூசியதும் தலையில் காற்று பட்டுச் சில்லென்று இருந்தது. பரவாயில்லையே என்று தோன்றியது.

இப்படித்தான் அந்த மொட்டையோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"திரும்பி வர்ற வாய்ப்பு உங்களுக்குக் கம்மின்னுதான் வந்திருக்கு. கீமோ போட்டாலும் அதுக்கு மேல பெருசா பலன் கிடைக்காது, கஷ்டம்தான் மிச்சம். அதனால ஊசி தேவையில்லைம்மா."

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் என் கை தானாகத் தலைக்குப் போனது.

"அப்ப என் முடி?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரிப்பை அடக்க மேஜை இழுப்பறைக்குள் எதையோ தேடுவது போல் குனிந்தார். நிமிர்ந்ததும் என் வீட்டுக்காரரையும் அம்மாவையும் பார்த்து, "மாத்திரை மட்டும் போதும். பயப்படாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்குறதைச் செஞ்சு நல்லா சாப்பிடக் குடுங்க" என்றார்.

அம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் மாத்திரையின் பெயரை எழுதி, எலும்பு வலிக்கும், திடீர் திடீரென்று உடம்பு அனலாகக் காயும், ஆனால் வருடக் கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் எனக்கு விளக்கி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். நான் வெளியே வந்தபோது அம்மா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தாள். ஊர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அது சந்தோஷ மௌனம் இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ கார்க் கண்ணாடியில் என் மண்டையின் அமைப்பை ஆராய்ந்துகொண்டு வந்தேன்.

அந்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் தெருக்காரர்கள், பிறகு உறவுக்காரர்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் அலமாரியில் இடம் இல்லாமல் பிரிட்ஜ் மேல் ஏறியது. எங்கள் பக்கம் பூவுக்குப் பேர் போன ஊர், வருகிறவர்கள் பழக்கத்தில் மல்லிகைச் சரமும் வாங்கி வந்துவிடுவார்கள். கையில் பூவோடு என் தலையைப் பார்ப்பார்கள். வைப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. சாமி படத்துக்குச் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். என்றைக்கோ பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு போன பெரியப்பா மகன் வந்து, "எதுவும் மனசுல வச்சுக்காத தங்கச்சி" என்றார். நான் எதையும் மனதில் வைத்திருக்கவில்லை, அவரையே மறந்து போயிருந்தேன். பள்ளியில் இருந்து ஒரு டீச்சர் வந்தார். என் உடம்பை விசாரித்துவிட்டு, பத்தாம் வகுப்பு பி செக்‌ஷனை இனிமேல் நிரந்தரமாகத் தன்னிடமே விட்டுவிடலாம் என்று ஹெச்.எம். நினைப்பதாகப் பக்குவமாகச் சொன்னார். லீவு முடிந்தால் நானே வந்து எடுப்பேனே என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார்.

"இந்த தைரியம்தான் டீச்சர் உங்கள்ட்ட எனக்குப் பிடிச்சதே" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. வருகிறவர்கள் எல்லோரும் என்ன சாப்பிட ஆசை என்று கேட்டார்கள். நானும் வெட்கப்படாமல் சொன்னேன். ஜெகதாப்பட்டினத்தில் இருந்து என் பழைய மாணவன் ஒருவன் தினுசு தினுசாக நண்டு அனுப்பினான். பக்கத்து வீட்டு அக்கா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார். ஆபரேஷன் உடம்பு தேற வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கொடுக்கிறார்கள், எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு நண்டுக் காலை உறிஞ்சினேன். எடை கூடியது. அதைப் பார்த்தும் அவர்கள், "இது நீர் ஏறுன உடம்பு" என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள்.

விஷயம் உடைந்தது இலுப்பூர்ச் சித்தியால். அம்மாவின் தங்கை. வேன் பிடித்து அரை டஜன் பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலில் இருந்தே குரல் எடுத்தாள்.

"அடி ஆத்தே, கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தேனே!"

நான் அப்போது முற்றத்தில் நின்று வடகம் காயவைத்துக்கொண்டிருந்தேன். சித்தி என்னைப் பார்த்ததும் சுதி இறங்கிவிட்டது.

"கடைசியாவா? யாருக்குச் சித்தி கடைசி?"

"இல்ல ஆத்தா... ஒங்கம்மாதான் போன்ல சொல்லுச்சு. ஊசி போட்டும் பிரயோசனம் இல்லன்னு டாக்டரே கை விரிச்சிட்டாராமே. கேக்குறத சாப்புடக் குடுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாராமே."

வடகத் தட்டு கையில் அப்படியே நின்றது. ஒவ்வொரு சொல்லும் டாக்டர் சொன்னதுதான். ஒன்றுகூட அம்மா சேர்த்துச் சொல்லவில்லை. பெரியப்பா மகனின் சமாதானம், டீச்சரின் கண்ணீர், பி செக்‌ஷன், நண்டு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எனக்குப் புரிந்தது. ஊரே என்னை வழியனுப்ப வந்திருக்கிறது. நான் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. புத்தியும் பிசகிவிட்டது என்று வேனில் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

சித்தி கூட்டத்துக்கு என் வீட்டுக்காரரைக் காபி போடச் சொல்லிவிட்டு அம்மாவைத் தேடிக் கொல்லைப் பக்கம் போனேன். அன்றைய நண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் சாகப்போறேன்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டியா?"

அவள் நிமிரவில்லை. நண்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் என்னத்தச் சொன்னேன்? டாக்டரு சொன்னதத்தான் சொன்னேன்."

நான் அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பாடம் எடுத்தேன். பூட்டு சொன்னேன், சாவி சொன்னேன். என் கட்டிக்கு மாத்திரையே சாவி, கதவை உடைக்கத் தேவையில்லை என்றேன். அக்காவுடையது வேறு ரகம், என்னுடையது வேறு ரகம் என்று ரிப்போர்ட் எடுத்துச் சொல்கிறது என்றேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் தலையாட்டுவது போல் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை என்று எனக்கா தெரியாது!

"இதே வார்த்தைதான்டி" என்றாள் பிறகு. "ஒங்க அக்காவுக்கும் கடைசில இதே வார்த்தையத்தான் சொன்னாக. இனிமே ஊசி தேவையில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்குறத சாப்புடக் குடுங்கன்னு. போங்கன்னாக. வாங்கன்னு சொல்லல. எழவு வீட்டுலதான்டி போயிட்டு வாரேன்னு சொல்லக்கூடாது. மத்த எந்த எடத்துலயாச்சும் வெறும் போங்கன்னு சொல்லுவாகளா?"

அன்றைக்கு அக்காவை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் தனியாகப் போனவள் அம்மா. நான் வெளியே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். இந்த வார்த்தைகளை இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

"என்னைய வரச் சொல்லிருக்காங்கம்மா. மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னாங்க. நீதான் அதுக்குள்ள எந்திரிச்சு வெளியே போயிட்டியே."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஈரக் கையோடு சேலைத் தலைப்பை எடுத்து முறுக்கினாள்.

"இப்புடித்தான் நானும் அவகிட்டச் சொன்னேன். அடுத்த மாசம் வரச் சொல்லிருக்காக, ஒடம்பத் தேத்திக்கிட்டுப் போனா ஊசி போடுவாகன்னு. அவளும் நம்பி, வேணாம் வேணாம்னு சொல்லாம குடுத்ததெல்லாம் தின்னா. நான் சொன்ன பொய்ய நீ எனக்கே சொல்றியா?"

உலகத்தில் எந்த லேபிலும் இதற்குப் பதில் சொல்லும் ரிப்போர்ட் கிடையாது. டாக்டரை, மரபணுவை, மெழுகில் பதித்த கட்டியை எல்லாம் அம்மா நம்பினாலும் நம்பிவிடுவாள். நம்ப முடியாத ஆள் நான் ஒருத்திதான். பெற்ற மகளிடம் அவள் சொன்ன பொய்யை வைத்து என்னை அளந்துகொண்டிருந்தாள்.

"சரி" என்றேன். "அடுத்த தடவ நீயே வந்து ஒன் காதால கேளு."

அந்த மூன்று மாதமும் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள். மாத்திரையால் விரல் மூட்டெல்லாம் வலித்து நான் தம்ளரைக் கீழே போட்டால், ஆரம்பித்துவிட்டது என்று அவள் முகம் சொல்லும். நடுப் பாடத்தில் உடம்பு அனலாகிப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஆமாம், லீவு முடிந்து பள்ளிக்குப் போய் பி செக்‌ஷனைப் பிடுங்கிக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் அந்த டீச்சரின் முகம் போன போக்கைப் பார்ப்பதற்காகவே பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வழியனுப்பிவிட்டுப் போனவர்கள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் கொஞ்சம் மனக்கசப்போடுதான் சிரித்தார்கள். பெரியப்பா மகன் பழையபடி முறைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. வாய்ப்பு கம்மி என்றால் பூஜ்யம் என்று அர்த்தம் இல்லை, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் நான். கரும்பலகையில் அதை எழுதும்போது சாக்பீஸ் ஒருமுறை கையில் உடைந்தது.

மூன்றாம் மாதம் அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். அறைக்குள் நுழைந்ததும் அம்மா டாக்டருக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதோரம் முந்தானையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். டாக்டர் என்னைச் சோதித்தார், மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை எழுதினார், என் தலையில் அரை விரல் அளவுக்கு வளர்ந்திருந்ததைப் பார்த்து, "அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டு மொட்டை போடுங்கம்மா" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அவள் வேறு ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் நல்லா இருக்கு. போயிட்டு வாங்க."

அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"எப்பம்மா வரணும்?" என்று கேட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும் ஆத்தா."

"ஆறு மாசம் கழிச்சு இவளையும் கூட்டிட்டுத்தானே வரணும்?"

டாக்டருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "இவங்கதானே பேஷண்ட்? இவங்க இல்லாம எப்படி? கட்டாயம் வரணும்" என்றார்.

அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் கூச்சத்தில் நெளிந்தார். எந்த மருந்துக்காக இந்த மரியாதை என்று அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்றாள். எனக்கும் கொடுத்தாள். வழிநெடுக யார் யாருக்கு இனிமேல் போன் போட்டு என்ன சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். சித்தியிடம் முதலில் சொல்ல வேண்டும், வேன் வாடகை வீண் என்று திட்டுவாள் என்றாள். புதுக்கோட்டை தாண்டியதும் பேச்சு நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏன்டி" என்றாள். "நான் பொய் சொன்னது ஒங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரியும். அம்மா அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாளே அக்கா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "அம்மாவுக்குப் பொய் சொல்லவே வரலடி. சொல்லும்போது சேலைத் தலைப்ப முறுக்குது பாத்தியா? நான் நம்புன மாதிரியே இருந்துக்கிறேன். நீயும் கண்டுக்காத" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அம்மா கொண்டுவந்த கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். அப்போது அவளுக்கு ஒரு வாய் விழுங்குவதே கஷ்டம்.

என் சேலைத் தலைப்பில் இருந்து கையை எடுத்து ஹேண்ட்பேக்குக்குள் விட்டுக்கொண்டேன்.

"தெரியாதும்மா" என்றேன். "அவ கடைசிவரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தா."

அம்மா மடியில் இருந்த கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே தட்டினாள். பிறகு கையை நீட்டி என் தலையைத் தடவினாள். முன்னும் பின்னுமாக, முடி விரலில் சிக்குகிறதா என்று பார்க்கிறவள் போல.

"பரவால்ல. ஆறு மாசத்துல வாருற அளவுக்கு வந்துரும்" என்றாள்.